மேல் பிரஷர், கீழ் பிரஷர்: ஓர் இளம் சிறுநீரக மருத்துவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவின் ஓபியைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. நீங்கள் கேட்டிருந்த கேள்வியை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சிறுநீரில் புரதமும் பெரிதாகப் போகவில்லை, மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஆனாலும் வருடத்துக்கு வருடம் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. கோளாறு எங்கே சார்?" உங்கள் வயதில் இந்தத் துறைக்கு வருகிற எல்லோருக்கும் வருகிற கேள்விதான். அதனால் பதிலை உங்களுக்கு மட்டும் எழுதாமல் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த நோயாளியின் கோளாறில் ஒரு பெரும்பங்கு சிறுநீரகத்துக்கு வெளியே, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவரில் இருக்கலாம். நாம் சிறுநீரகத்தையே உற்றுப் பார்த்துப் பழகியவர்கள். ஸ்கேன் எடுத்தால் அதன் அளவைப் பார்ப்போம், பயாப்ஸி எடுத்தால் அதன் திசுவைப் பார்ப்போம். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது அபூர்வம். ரத்தக் குழாய் இதய மருத்துவரின் சொத்து என்று நமக்குள் யாரோ பாகம் பிரித்துக் கொடுத்த மாதிரி நடந்துகொள்கிறோம். இந்தப் பாகப்பிரிவினையால் நஷ்டப்படுவது நோயாளிதான்.

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பீறிட்டு வருகிறது, பிறகு நிற்கிறது. ஆனால் உறுப்புகளுக்குள் இருக்கும் நுண்குழாய்களைப் போய்ச் சேரும்போது அது ஏறக்குறைய சீரான ஓட்டமாகிவிடுகிறது. கையால் இயக்கும் சுருதிப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கை விட்டுவிட்டுத்தான் துருத்தியை அழுத்துகிறது. காற்றைத் தேக்கிவைக்கும் இன்னொரு துருத்தி விரிந்து கொடுத்து மெல்லச் சுருங்குவதால்தான் சுருதி அறுபடாமல் ஒலிக்கிறது. நல்ல நிலையில் உள்ள பெருந்தமனி செய்யும் வேலையும் அதுவே. இதயம் சுருங்கும்போது வந்து விழும் ரத்தத்தில் பாதியளவைத் தான் விரிந்து வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுகிறது. மேல் பிரஷர் எகிறாமலும் கீழ் பிரஷர் விழுந்துவிடாமலும் இருப்பதற்கு இந்த நெகிழ்ச்சிதான் காரணம்.

நெகிழ்ச்சியைத் தருவது எலாஸ்டின் என்ற புரத இழை. இதில் ஒரு கொடுமை உண்டு. நம் உடல் எலாஸ்டினைக் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் தாராளமாக உண்டாக்குகிறது. அதன்பின் உள்ளதை வைத்துத்தான் ஆயுள் முழுவதும் காலந்தள்ள வேண்டும். வயதும் உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையிலையும் அந்த இழைகளைத் தேய்த்து அறுக்கின்றன. அந்த இடத்தில் விறைப்பான கொலாஜன் வந்து உட்கார்கிறது. இளைஞரின் பெருந்தமனியில் நாடி அலை விநாடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் ஓடும். விறைத்த குழாயில் அதே அலை 10, 12 மீட்டர் வேகத்தில் பறக்கும். தமனி விறைப்பை அளக்க இந்த வேகத்தைத்தான் பயன்படுத்துகிறோம். கழுத்துத் தமனியிலும் தொடைத் தமனியிலும் அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தை எடுத்து, இடைப்பட்ட தூரத்தை அதால் வகுப்பது முறை. விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல் வைத்த எல்லை.

இதில் சிறுநீரகம் ஏன் குறிப்பாக அடிபடுகிறது என்பதை நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். உடல் எடையில் 200-இல் ஒரு பங்குகூட இல்லாத இந்த இரண்டு உறுப்புகள், இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வாங்கிக்கொள்கின்றன. வடிகட்டும் வேலைக்கு அவ்வளவு ரத்தம் வேண்டும். அதற்காகவே சிறுநீரகத்தின் குழாய்கள் தடை குறைந்தவையாக, கதவு திறந்தே இருப்பவையாக அமைந்திருக்கின்றன. தசையிலும் தோலிலும் உள்ள சிறு தமனிகள் இறுகி நின்று அலையை வாசலிலேயே தடுத்துவிடும். சிறுநீரகத்திலும் மூளையிலும் அந்த வசதி குறைவு. பெருந்தமனி நெகிழ்வாக இருக்கும்வரை இதனால் கெடுதல் இல்லை. அதைவிடக் கிளைத் தமனிகள் சற்று விறைப்பானவை. நெகிழ்ந்த குழாயிலிருந்து விறைத்த குழாய்க்குள் நுழையும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது, மிச்சம்தான் உள்ளே போகிறது. பெருந்தமனியும் கிளைகளைப் போலவே விறைத்துவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. அலை திரும்பாமல் நேராக உள்ளே பாய்கிறது. மைக்கேல் ஓ'ரூர்க்கும் மிஷேல் சஃபாரும் 2005-இல் எழுதிய கட்டுரையில் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரே மாதிரி நுண்குழாய்ச் சேதம் வருவதற்கு இந்தக் காரணத்தைத்தான் விளக்கினார்கள். டயாலிசிஸ் நோயாளிகளிடம் பக்கவாதமும் மறதியும் அதிகம் இருப்பதை வார்டில் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் வேர் ஓரளவு ஒன்றே.

சிறுநீரகம் சும்மா இருந்து அடி வாங்குவதில்லை. வடிகட்டியான குளோமருலஸுக்குள் நுழையும் சிறு தமனி, அழுத்தம் ஏறினால் சுருங்கி உள்ளே இருப்பதைக் காக்கும். ஆரோக்கியமான சிறுநீரகத்தில் இந்தக் காவல் நன்றாகவே வேலை செய்கிறது. நெஃப்ரான்களில் பாதி போய்விட்டால் மிஞ்சியவை இரட்டை வேலை பார்க்க வேண்டும். அதற்காக அந்தத் தமனி விரிந்தே கிடக்கிறது. வாசல் காவல் தளர்ந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் அலையும் உக்கிரமாகிறது. குளோமருலஸின் சுவர் இழுபட்டுப் புரதம் ஒழுகுகிறது, பிறகு அது தழும்பாகிறது. சிலருக்குப் புரதம் பெரிதாக ஒழுகாமலே தமனிகள் தடித்து, ரத்தம் போதாமல் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றாக வாடிவிடுகின்றன. உங்கள் நோயாளி இந்த இரண்டாவது வகையாக இருக்கலாம்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. பழுதான சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்குகிறது, ஆல்டோஸ்டிரோனைத் தூண்டுகிறது, பாஸ்பேட்டை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. பாஸ்பேட் மிகும்போது தமனிச் சுவரின் தசை செல்கள் தம் குணம் மாறி எலும்பு செல்களைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கின்றன. சுவரின் நடுப்படலத்தில் சுண்ணாம்பு படிகிறது. 1903-இல் ஜெர்மன் நோயியலாளர் மோன்கெபெர்க் விவரித்த படிவு இதே நடுப்படலத்தில்தான். டயாலிசிஸ் நோயாளியின் கை எக்ஸ்ரேயில் இரண்டு இணைகோடுகளாகத் தமனி வெள்ளையாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போடும் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி இறங்க மறுக்கும் தமனியைப் பற்றி அவர் கதை கதையாகச் சொல்வார். விறைப்பு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, கெட்ட சிறுநீரகம் விறைப்பை வளர்க்கிறது. எது முதல் என்று ஒரு தனி நோயாளியிடம் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். சிகிச்சைக்கு அது அவசியமும் இல்லை.

நீங்கள் ஆதாரம் கேட்பீர்கள், கேட்க வேண்டும். 1999-இல் பாரிஸ் பக்கத்தில் ஜாக் பிளாஷேர், ஜெரார் லண்டன் குழுவினர் டயாலிசிஸ் நோயாளிகள் 241 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், பெருந்தமனி எவ்வளவு விறைப்போ அவ்வளவு மரணம் என்பது தெளிவாகத் தெரிந்தது. 2001-இல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது: பிரஷர் குறைந்தும் நாடி அலையின் வேகம் குறையாதவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். டயாலிசிஸ் நிலைக்கு வராதவர்களைப் பற்றி அமெரிக்காவின் கிரிக் ஆய்வு 2018-இல் பேசியது. 2,700-க்கும் மேற்பட்டவர்களில், நாடி அலையின் வேகம் மிக அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்குச் சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்கும் அபாயம் கூடுதலாக இருந்தது. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. பிரான்சின் நெஃப்ரோடெஸ்ட் ஆய்வில் விறைப்பு மரணத்தை முன்னறிவித்தது. சிறுநீரகம் செயலிழப்பதை அந்த அளவுக்கு முன்னறிவிக்கவில்லை. நம்முடைய நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் படுக்கையை எட்டுமுன் இதய நோயால் போய்விடுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விறைத்த தமனி எந்தப் பக்கம் போனாலும் நமக்குக் கெட்ட செய்திதான்.

இந்த விஷயம் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிரெடரிக் அக்பர் மஹோமெட் என்ற மருத்துவரின் பெயரை உங்கள் பாடப்புத்தகம் சொல்லியிருக்காது. 1849-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் பிறந்தவர். பாட்னாவிலிருந்து போய் அங்கே குளியல் நிலையம் நடத்திப் புகழ்பெற்ற தீன் முகமதின் பேரன். லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோதே, நாடியைக் கோடாக வரையும் கருவியை மேம்படுத்தினார். பட்டை சுற்றிப் பிரஷர் பார்க்கும் ரிவா-ரோச்சியின் கருவி 1896-இல்தான் வந்தது. மஹோமெட்டிடம் இருந்தது மணிக்கட்டில் கட்டும் ஒரு நெம்புகோலும் புகையேற்றிய தாளும். அதை வைத்துக்கொண்டு 1874-இல் அவர் சொன்னார்: சிறுநீரில் ஆல்புமின் வருவதற்கு முன்பே நாடியில் அழுத்தம் ஏறிவிடுகிறது. அதுவரை எல்லோரும் சிறுநீரகம் கெட்டு அதனால் அழுத்தம் வருகிறது என்றே நம்பியிருந்தார்கள். 35 வயதில், 1884-இல் டைஃபாய்டில் இறந்துபோனார். நம் மருத்துவக் கல்லூரிகளில் அவர் பெயரில் ஒரு சொற்பொழிவாவது நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மஹோமெட்டிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நாடியைக் கவனிக்கும் பழக்கத்தை. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உங்கள் ஓபியில் இருக்கும் பிபி மெஷினே போதும், ஆனால் அதை நாம் பயன்படுத்துகிற விதம் மாற வேண்டும்.

காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் விடியற்காலை பஸ் பிடித்து, பாதித் தூரம் நின்றுகொண்டே வந்து, சீட்டுப் போட்டு, மாடிப்படி ஏறி, பெயர் கூப்பிட்டதும் ஓடிவந்து முக்காலியில் உட்கார்கிறார். முதுகுக்குச் சாய்மானம் இல்லை. மடித்து விட்ட சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுகிறோம். கை தொங்குகிறது. "மாத்திரை தீர்ந்துடுச்சா? கால் வீக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே காற்றடிக்கிறோம். அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சிறுநீரை அடக்கிக்கொண்டு வேறு உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போனால் முறை தவறிவிடுமே என்று. வந்த எண்ணை, அதுவும் 0-விலோ 5-இலோ முடிகிற மாதிரித் திருத்தி, நோட்டில் எழுதுகிறோம். அதை வைத்து ஒரு மாத்திரையைக் கூட்டுகிறோம்.

கை இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே 7, 8 புள்ளி கூடிவிடும். பேசினால் கூடும், சிறுநீரை அடக்கினால் கூடும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இன்னும் கூடும். 2015-இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் மேல் பிரஷருக்கு 120-க்குக் கீழே இலக்கு வைக்கப்பட்டவர்களுக்கு இதயநோயும் மரணமும் குறைந்தன. சிறுநீரக வழிகாட்டுதல்களை வகுக்கும் கேடிகோ அமைப்பும் 2021-இல் அதே 120-ஐ இலக்காக வைத்தது. ஆனால் அந்த 120 அமைதியாக 5 நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, பேசாமல், கைக்கு ஏற்ற பட்டை கட்டி, பலமுறை எடுத்த அளவு. நம் அவசர அளவுக்கு அந்த இலக்கைப் பொருத்தினால் நோயாளி பாத்ரூமில் மயங்கி விழுவார். இன்னொன்று: ஸ்பிரிண்டில் கடும் கட்டுப்பாடு சிறுநீரகத்தின் தேய்வை மெதுவாக்கியதாகத் தெரியவில்லை, உயிரைக் காத்தது. நோயாளியிடம் இதை உள்ளபடி சொல்லலாம்.

ஓபியில் எல்லோருக்கும் 5 நிமிடம் ஏது என்று கேட்பீர்கள். வெளியே வராந்தாவில் நான்கு சாய்வு நாற்காலி போடச் சொல்லுங்கள். அடுத்து வரப்போகிற நான்கு பேர் அதில் வந்து உட்காரட்டும், "பாத்ரூம் போய்ட்டு வந்து உட்காருங்க, யாரும் பேசாதீங்க" என்று நர்ஸ் சொல்லட்டும். அந்த நாற்காலியிலேயே பிபி பார்த்துவிட்டு உள்ளே அனுப்பட்டும். முதல் தடவை வருகிறவருக்கு இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். ஃபிஸ்டுலா உள்ள கையில் பார்க்கவே கூடாது. சந்தர்ப்பம் வந்ததால் இதையும் சொல்கிறேன்: சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையைத் தாண்டியவர்களுக்கு எழுதாத கையில் யாரும் வென்ஃப்ளான் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரை நாளைக்கு அவருடைய ஃபிஸ்டுலாவுக்கு வேண்டும்.

இரண்டு எண்ணும் வந்த பிறகு மூன்றாவதாக ஒரு எண்ணை எழுதும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழைக் கழியுங்கள். 130/80 என்றால் 50. 170/60 என்றால் 110. இந்த வித்தியாசம்தான் பல்ஸ் பிரஷர். 60-ஐத் தாண்டி, ஒவ்வொரு வருகைக்கும் விரிந்துகொண்டே போனால், பெருந்தமனி தன் நெகிழ்ச்சியை இழந்துவருகிறது என்று சந்தேகியுங்கள். 150/95-ம் 150/65-ம் மேல் எண்ணில் ஒன்று. முதலாமவருக்குப் பிரச்சினை பெரும்பாலும் சிறு தமனிகளின் இறுக்கம். இரண்டாமவருக்குப் பெருந்தமனியின் விறைப்பு. இருவருக்கும் ஒரே மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுப்பது சரியாகாது.

கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. நம் நோயாளிகளுக்கு ரத்தசோகை சகஜம். ஹீமோகுளோபின் 7-இல் இருந்தால் இதயம் வேகமாகத் தள்ளும், வித்தியாசம் விரியும். ஃபிஸ்டுலா போட்டவருக்கும் விரியும். தைராய்டு மிகுதி, பெருந்தமனி வால்வில் கசிவு ஆகியவையும் அப்படியே. மறுபுறம், இதயம் பலவீனமானவருக்குத் தமனி விறைத்திருந்தாலும் வித்தியாசம் குறுகியே தெரியும். ஆகவே எண்ணைப் பார்த்ததும் ஸ்டெத்தை வையுங்கள், கண் இமையைத் தாழ்த்திப் பாருங்கள், ரேடியல் தமனியை விரலால் உருட்டிப் பாருங்கள். காலில் புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளிக்குக் கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்து 1.4-க்கு மேல் வந்தால், ரத்த ஓட்டம் அமோகம் என்று மகிழாதீர்கள். சுண்ணாம்பு படிந்த தமனியைப் பட்டையால் நசுக்க முடியவில்லை என்று பொருள். சந்தேகம் இருந்தால் முதுகெலும்பின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று எடுங்கள். பெருந்தமனியில் படிவு இருந்தால் தெரிந்துவிடும். நாடி அலையின் வேகத்தை அளக்கும் கருவி ஆராய்ச்சிக்கு அருமையானது. அதை வாங்கித்தர நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, அந்தச் சக்தியை நல்ல பட்டைகள் வாங்கவும் சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் டெஸ்ட் தடையில்லாமல் கிடைக்கவும் செலவிடுங்கள் என்பேன்.

சிகிச்சைக்கு வருகிறேன். தமனியின் விறைப்பைப் பழையபடி இளக்கிக் கொடுக்கும் மருந்து இன்று எதுவும் இல்லை. பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் லாந்தனத்தை 96 வாரம் கொடுத்துப் பார்த்த இம்ப்ரூவ்-சிகேடி ஆய்வு 2020-இல் வெளிவந்தது. நாடி அலையின் வேகத்தில் வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு வைட்டமின் கே2-வை வைத்துச் செய்த ஆய்வும் கைவிரித்தது. "குழாய் அடைப்பைக் கரைக்கும்", "நரம்பை இளக்கும்" என்று விளம்பரம் செய்யப்படும் லேகியங்களையும் மாத்திரைகளையும் நோயாளிகள் உங்கள் மேசைமேல் கொண்டுவந்து வைப்பார்கள். கோபப்படாமல் வாங்கிப் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசமும் ஈயமும் இருக்கக்கூடும். பக்குவமாகப் பேசி நிறுத்துங்கள்.

நம் கையில் உண்மையாகவே இருப்பது, மேலும் விறைக்கும் வேகத்தைக் குறைப்பதும், விறைத்த குழாய் சிறுநீரகத்துக்குச் செய்யும் கெடுதலைக் குறைப்பதும். ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மருந்துகள் குளோமருலஸிலிருந்து வெளியேறும் தமனியை விரித்து உள்ளழுத்தத்தைக் குறைக்கும். ஆரம்பித்த சில வாரத்தில் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பதறி நிறுத்தாதீர்கள். பொட்டாசியத்தைப் பாருங்கள், தொடருங்கள். அதற்குமேல் ஏறினால் சிறுநீரகத் தமனி அடைப்பைச் சந்தேகியுங்கள். விறைத்த தமனிக்காரர்களுக்கு அது கூடவே வரும். டபாகிளிஃப்ளோசின் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சிறுநீரகத்தைக் காக்கிறது என்பது 2020-இல் உறுதியானது. அதே ஆண்டு இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலை பலமடங்கு குறைந்துவிட்டது. இன்னும் பல இடங்களில் அதை எழுதத் தயங்குவதைப் பார்க்கிறேன். தயங்கக் காரணமே இல்லை.

அட்டெனலாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பிரஷர் என்றாலே அட்டெனலால் என்ற காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. 2006-இல் வந்த கேஃப் ஆய்வில், அட்டெனலால் சாப்பிட்டவருக்கும் அம்லோடிபின் சாப்பிட்டவருக்கும் கையில் பார்த்த பிரஷர் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பெருந்தமனியில் கணித்த மேல் பிரஷரோ அட்டெனலால்காரர்களுக்கு 4 புள்ளிக்குமேல் கூடுதல். சிறுநீரகம் பார்ப்பது பெருந்தமனியின் பிரஷரைத்தான். போதாததற்கு அட்டெனலால் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் அது தங்கிவிடும். மார்புவலியோ வேறு இதயக் காரணமோ இல்லாதவருக்கு அதைத் தொடர வேண்டிய அவசியத்தைத் திரும்ப யோசியுங்கள். திடீரென்று மட்டும் நிறுத்தாதீர்கள். குளோர்தாலிடோன் நான்காம் நிலையில் வேலை செய்யாது என்று நாங்கள் படித்தோம். 2021-இல் வந்த கிளிக் ஆய்வு அதைப் பொய்யாக்கியது; 24 மணிநேர மேல் பிரஷர் அதில் சுமார் 11 புள்ளி குறைந்தது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற மாத்திரை. சோடியமும் பொட்டாசியமும் சரியாகப் பார்த்துக்கொண்டு கொடுங்கள்.

எழுபது வயதைத் தாண்டிய, 170/60 என்று வரும் பாட்டிதான் உங்கள் திறமைக்கு உண்மையான சோதனை. மேலதைக் குறைக்கப் போனால் கீழதும் சேர்ந்து இறங்கும். இதயத்தின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போவதே கீழ் பிரஷர் நேரத்தில்தான். அவசரப்படாதீர்கள். படுக்கவைத்துப் பாருங்கள், எழுந்து நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். ஒரு மருந்து, குறைந்த அளவு, சில வாரம் இடைவெளி, பிறகு அடுத்த அடி. "எந்திரிச்சா தலை சுத்துதா பாட்டி?" என்ற கேள்வியை எந்த வருகையிலும் விடாதீர்கள். அவருக்கு 140 போதும் என்று தோன்றினால் 140-இல் நிறுத்துங்கள். இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கு 120 என்ற எண்ணால் பயனில்லை.

உப்பைப் பற்றி எல்லோரும் சொல்கிறோம், ஆனால் வாயால் சொல்வதோடு சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். "உப்பைக் குறைங்க" என்றால் நோயாளி சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மோர் மிளகாயும் தொட்டுக்கொள்வார். அதனால் தட்டில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சமைக்கிறவரைக் கூட்டிவரச் சொல்லி அவரிடம் கேளுங்கள். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்பார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். கடையில் விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். ராமிப்ரில் சாப்பிடும் சிறுநீரக நோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்து. பாஸ்பேட்டுக்குப் பயந்து பருப்பை முழுதாக நிறுத்தச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பருப்பில் உள்ளதில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சும். கோலா பானத்திலும் பாக்கெட் தின்பண்டங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ பெரும்பகுதி அப்படியே ரத்தத்தில் ஏறும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக்கையும், யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் மாத்திரையையும் விசாரியுங்கள். தேவையில்லாத கால்சியம் போய்ப் படியும் இடம் தமனிச் சுவர்.

இதெல்லாம் பெரிய மருத்துவமனையில்தான் நடக்கும் என்று யாராவது சொன்னால், சென்னையில் டாக்டர் எம்.கே. மணி 1990-களில் கிட்னி ஹெல்ப் ட்ரஸ்ட் மூலம் செய்ததை எடுத்துச் சொல்லுங்கள். சென்னைக்கு அருகிலிருந்த கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்கவைத்து, பிரஷர் பார்க்கவைத்து, மலிவான பழைய மருந்துகளைக் கொண்டே பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். இப்போது 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பணியைச் செய்யும் பெண்களைக் கூப்பிட்டு ஒரு மதியம் செலவழியுங்கள். பட்டையை எப்படிக் கட்டுவது, மேலிருந்து கீழைக் கழித்து எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுங்கள். நூறு டயாலிசிஸ் படுக்கையைவிட அவர்கள் கை பெரியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஓபிக்கு வரும் பெரியவர்களின் பின்னால் மகனோ மகளோ ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவின் கிரியேட்டினினைப் பற்றிக் கவலையோடு கேட்பார். தன்னைப் பற்றிக் கேட்கமாட்டார். அதே வீட்டு உப்பு, பல நேரம் அதே சர்க்கரை, அதே பரம்பரை. அவருடைய பெருந்தமனியில் இன்னும் காப்பாற்றுவதற்கு நெகிழ்ச்சி மிச்சம் இருக்கிறது. அவரையும் அந்த நாற்காலியில் 5 நிமிடம் உட்காரவைத்துப் பிபி பாருங்கள், சிறுநீரில் ஆல்புமின் டெஸ்ட்டுக்கு எழுதிக்கொடுங்கள், சிகரெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த வாரத்திலிருந்தே ஆரம்பியுங்கள், தம்பி.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே இந்தத் துறைக்கு வந்த ஒருவன்